ஒரு நூல் இடம்

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு பிற்பகல். கூடத்து அலமாரியின் மேல் சாத்தி வைத்திருந்த மரத்தட்டு, யாரும் தொடாமலே 'டப்' என்று சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். நடுப்பலகையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரிசல். அஞ்சலட்டை ஒன்றை அதில் செருகலாம்.

விருந்தினருக்குக் காபி டம்ளர்களை வைத்துக் கொண்டுபோக அந்த டிரேயை முந்தைய கார்த்திகை மாதத்தில் நானே செய்திருந்தேன். காரைக்குடியில் பழைய வீட்டு மரங்கள் விற்கும் கடையில் வாங்கிய ஒரு ஜன்னல் கதவைப் பிரித்து எடுத்த பலகை அது. பர்மா தேக்கு. எண்பது வருஷத்துக்குக் குறையாது என்று கடையில் சொன்னார்கள். கதவுச் சட்டத்திலிருந்து உருவியபோது பலகையின் இரண்டு நீள ஓரங்களிலும் பாலிஷ் படாத வெளிறிய பட்டை ஒன்று ஓடியது. அதை இழைப்புளியால் சீவி எறிந்துவிட்டு, 18 அங்குல நீளம், 12 அங்குல அகலத்துக்கு அறுத்தேன். சுற்றிலும் நான்கு சட்டங்கள் வைத்தேன். பலகையின் நான்கு ஓரங்களிலும் பசையைத் தடவி, அடியிலிருந்து ஆணியும் அடித்து இறுக்கினேன். அசையவே கூடாது என்பதுதான் என் எண்ணம்.

எண்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் விரிசல் விடாமல் நின்ற பலகை, என் வீட்டு அலமாரியில் ஆறு மாதத்தில் ஏன் பிளந்தது?

விடைக்கான முதல் துப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் மரக்கதவு நிலையோடு உரசி நிற்கும், இழுத்துத்தான் திறக்கவேண்டும். பங்குனியில் அதே கதவு தானாகவே இலகுவாகிவிடும். மழையில் தச்சரை அழைத்து ஓரத்தைச் சீவியவர்கள், கோடையில் அங்கே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விழுந்ததையும் பார்த்திருப்பார்கள். மரம் ஈரத்தில் ஊதுகிறது, வறட்சியில் சுருங்குகிறது என்பது இதிலிருந்தே தெரியும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கதவு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இறுகுகிறது. ஏழடி உயரமுள்ள கதவு உயரத்தில் வளர்ந்து மேல்நிலையை இடிப்பதில்லை. நீளம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் கூடுகிறது.

மழையில் நனைந்த பள்ளி நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பக்க நோட்டு இருநூறு பக்க நோட்டுபோல் உப்பிப் போகும். ஆனால் பக்கத்தின் நீளத்தை அளந்தால் பழைய அளவேதான் இருக்கும். தண்ணீர் தாள்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கித் தள்ளியிருக்கிறது. தாளை நீட்டுவது அதன் வேலையல்ல. மரத்துக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதேதான், தாள்களுக்குப் பதிலாக அங்கே இழைகள்.

தேக்குப் பலகையின் வெட்டுமுகத்தை நல்ல உளியால் சீவிப் பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள் கண்ணுக்கே தெரியும். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீரேற்றிய குழாய்கள் அவை. அவற்றுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத பருமனில், ஒரு மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள இழை உயிரணுக்கள் அடர்ந்து கிடக்கின்றன. எல்லாமே மரம் நின்ற திசையில் படுத்திருக்கும் மெல்லிய குழல்கள். பலகை என்பது அந்தக் குழல்களின் ஒட்டிய கட்டு.

அடுத்து, ஒரு குழலின் சுவர். அது முக்கியமாகச் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. பிரெஞ்சு வேதியியலர் ஆன்செல்ம் பாயன் 1838இல் அதைத் தாவரங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகள் பல சேர்ந்து ஒரு நுண்ணிழை ஆகின்றன. கயிற்றில் பிரிகள் சுற்றியிருப்பதுபோல் இந்த நுண்ணிழைகள் குழலைச் சுற்றி ஓடுகின்றன. ஆனால் சுற்று மிகவும் செங்குத்தானது, ஏறக்குறைய குழலின் நீளத் திசையிலேயே போகிறது. செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் ஈர்ப்பு அதிகம். பருத்தித் துண்டு உடம்பை நன்றாகத் துவட்டுவதும் அதனால்தான், பருத்தியும் செல்லுலோஸே. காற்றில் ஈரம் கூடினால் நீர் மூலக்கூறுகள் சுவருக்குள் நுழைந்து, நுண்ணிழைகளுக்கு நடுவே இடம் பிடித்து, அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. குழல் பருக்கிறது, ஆனால் நீளவில்லை.

நீர் நுண்ணிழைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது, நுண்ணிழைக்குள் போவதில்லை என்று எப்படித் தெரியும்? 1920களில் செல்லுலோஸ் நார்களின் வழியாக எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தார்கள். படிகமாக அடுக்கப்பட்ட பொருளில் அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தை அந்தக் கதிர்கள் விழுத்தும் புள்ளிகளைக் கொண்டு அளக்கலாம். நார் உலர்ந்திருந்தபோதும் நீரில் ஊறி உப்பியபோதும் புள்ளிகள் இடம் மாறவில்லை. அப்படியென்றால் படிகப் பகுதிக்குள் நீர் போகவில்லை. உப்பல் முழுவதும் அதற்கு வெளியே, நுண்ணிழைகளின் இடைவெளிகளில் நடந்திருக்கிறது.

இப்போது துண்டுக்கே திரும்புவோம். நீரில் முக்கி எடுத்த துண்டு சொட்டுகிறது. பிழிந்து கொடியில் போட்டால் சொட்டுவது நின்றுவிடும், ஆனால் தொட்டால் ஈரம் இருக்கும். மரத்திலும் இப்படி இரண்டு விதமான நீர் உண்டு. குழலின் உள்ளே, வெற்றிடத்தில் தேங்கியிருப்பது தனி நீர். குழலின் சுவருக்குள் செல்லுலோஸைப் பற்றிக்கொண்டிருப்பது கட்டுண்ட நீர். அறுத்த மரம் காயத் தொடங்கும்போது முதலில் போவது தனி நீர். அது போகப்போக மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. தனி நீர் முழுக்கத் தீர்ந்து, சுவர்களில் கட்டுண்ட நீர் மட்டும் நிறைந்து நிற்கும் கட்டத்தை இழைச் செறிவு நிலை எனலாம். அதற்குக் கீழே ஒவ்வொரு துளி போகும்போதும் மரம் சுருங்கும்.

இந்த எல்லையை முதலில் தெளிவாகக் குறித்துக் காட்டியவர் அமெரிக்க வனத்துறைக்காக ஆய்வு செய்த ஹாரி டீமன். அவர் தேடியது சுருக்கத்தை அல்ல, வலிமையை. வெவ்வேறு ஈரத்திலிருந்த சிறு கட்டைகளை எந்திரத்தில் வைத்து நசுக்கியும் வளைத்தும் பார்த்தார். நனைந்த கட்டை காயக்காய அதன் வலிமை வெகுநேரம் மாறாமலே இருந்தது. பிறகு ஒரு குறிப்பிட்ட ஈரத்துக்குக் கீழே போனதும் சட்டென்று ஏறத் தொடங்கியது. படிப்படியாக ஏறும் ஒரு கோட்டை எதிர்பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு முழங்கை மடிப்பு வந்தால், அங்கே மரத்துக்குள் ஏதோ ஒன்று மாறுகிறது என்று பொருள். 1906இல் அவர் அந்த மடிப்புக்கு வைத்த பெயர்தான் இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. பெரும்பாலான மரங்களுக்கு அது சுமார் 30 சதவீத ஈரத்தில் வருகிறது.

சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்பதையும் சொல்லவேண்டும். கட்டையை எடைபோட்டு, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை அடுப்பில் வைத்து, மறுபடி எடைபோடுவார்கள். போன எடை நீர், மிஞ்சிய எடை மரம். நீரை மரத்தால் வகுத்தால் ஈர அளவு. அதனால்தான் அப்போது வெட்டிய சில மரங்களில் ஈரம் 100 சதவீதத்தையும் தாண்டும், மரத்தைவிட நீர் அதிகம் என்று பொருள்.

பதப்படுத்திய மரத்தில் நீர் இல்லாமல் போய்விடுவதில்லை. அது சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் சுமார் 16க்கு ஏறி நிற்கும். காற்று 55க்கு இறங்கினால் மரம் மெல்ல மெல்லச் சுமார் 10க்கு வரும். இதற்குச் சமநிலை ஈரம் என்று பெயர். நன்றாகக் காய்ந்த மரம் இனி அசையாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் ஆணி அடித்தேன். ஆனால் எண்பது வருஷத்துப் பலகையிலும் இருப்பது அதே செல்லுலோஸ்தான். ஒவ்வொரு மழைக்கும் அது நீர் பிடிக்கும், ஒவ்வொரு கோடைக்கும் விடும். வயது இதில் எந்த விலக்கும் தருவதில்லை.

எவ்வளவு அசையும்? இங்கே அறுப்பின் திசை முக்கியம். மரத்தின் குறுக்கு வெட்டைப் பார்த்தால் வளையங்கள் தெரியும். வளையத்தின் போக்கில், அதாவது வட்டத்தைச் சுற்றி வருகிற திசையில், மரம் அதிகமாகச் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் அதில் ஏறக்குறைய பாதிதான். காரணங்களில் ஒன்று கண்ணுக்கே தெரியக்கூடியது. பெரும்பாலான உயிரணுக்கள் செங்குத்தாக நிற்க, சில மட்டும் நடுவிலிருந்து பட்டைக்குப் படுத்தவாக்கில் போகின்றன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. அவற்றை மரக்கதிர்கள் என்கிறார்கள். தங்கள் நீளத் திசையில் சுருங்க மறுப்பது எல்லா இழைகளின் குணம், ஆகவே இந்த ஆரக்கால்கள் ஆரத் திசையில் மரத்தை ஓரளவு பிடித்துவைக்கின்றன.

தேக்கு அடக்கமான மரங்களில் ஒன்று. முழு ஈரத்திலிருந்து முழு வறட்சிக்குப் போனால் வளையப் போக்கில் 5 முதல் 6 சதவீதம், ஆரத் திசையில் சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். நீளத்தில் 0.2 சதவீதம்கூட வருவது அரிது. என் பலகையின் வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் படுத்து ஓடின. அதாவது அதன் அகலம் முழுவதும் வளையப் போக்கு. கார்த்திகையில் 16 இருந்த ஈரம் வைகாசியில் 10க்கு வந்தது என்று வைத்துக்கொண்டால், 12 அங்குல அகலத்தில் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கவேண்டும். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே இது ஏறக்குறைய ஒரு நூல். கோடுகள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த பலகை என்றால் அரை நூல் போதும். 18 அங்குல நீளத்திலோ இரண்டு மூன்று தலைமுடிப் பருமன்தான் மாறும்.

இப்போது என் தட்டின் நிலையைப் பாருங்கள். குறுக்கே வந்த இரண்டு சட்டங்களிலும் நார், அதாவது குழல்களின் போக்கு, பலகையின் அகலத் திசையில் ஓடுகிறது. சட்டம் தன் நீளத்தில் சுருங்காது. அதோடு ஒட்டப்பட்ட பலகை தன் அகலத்தில் ஒரு நூல் சுருங்கியாகவேண்டும். பசையும் ஆணியும் விடவில்லை. பலகை தன்னையே இழுத்துக்கொண்டு நின்றது. இழுவை நாருக்குக் குறுக்கே. விறகு பிளந்தவர்களுக்கு அந்தத் திசையின் பலவீனம் தெரியும். நாரின் போக்கில் கோடாலியை ஒருமுறை போட்டால் கட்டை இரண்டாகும், அதே கட்டையைக் குறுக்கே வெட்டப் பல வெட்டு வேண்டும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் மரம் தாங்குவது, நீளவாக்கில் தாங்குவதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. கத்திரி வெயிலில் அந்த எல்லை தாண்டியது.

பழைய ஜன்னலில் அதே பலகை ஏன் பிழைத்தது என்பதும் இத்துடன் விளங்கிவிடுகிறது. அந்தக் கதவைச் செய்த தச்சர் சட்டத்தின் உள்பக்கம் ஒரு காடி எடுத்து, பலகையின் ஓரத்தை அதற்குள் செருகி விட்டிருந்தார். ஒட்டவில்லை. மழையில் பலகை காடிக்குள் விரிந்தது, கோடையில் பின்வாங்கியது. நான் சீவி எறிந்த வெளிறிய பட்டை, காடிக்குள் மறைந்திருந்ததால் பாலிஷ் படாத பகுதி. இழைச் செறிவு நிலை என்ற பெயர் பிறக்கும் முன்பே நம் ஊர் நிலைக்கதவுகளிலும் ஜன்னல்களிலும் பீரோக்களிலும் இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது. அந்தத் தச்சர்களின் அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன். காரணத்தை எழுதி வைக்காவிட்டாலும் வேலையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஈரம் ஏறும்போது வேறொரு கேடு வரும், அதையும் சொல்லவேண்டும். கோடையில் மண்வெட்டிப் பிடி ஆடத் தொடங்கினால் வாய்க்கால் நீரில் ஊறப்போடுவது வழக்கம். பிடி உப்பி இறுகிவிடும். ஆனால் ஒரு வாரம் கழித்து முன்னைவிட அதிகமாக ஆடும். இரும்புக் கண்ணுக்குள் இடமில்லாமல் உப்பிய மரம், தன் குழல்களையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் நசுங்கிய அளவிலிருந்து சுருங்குவதால் பழைய பருமனுக்குக் குறைவாகவே வந்து நிற்கும். இதை நசுங்கல் சுருக்கம் எனலாம். மரத்தட்டைக் கழுவித் தொட்டி மேடையில் ஈரத்தோடு படுக்கப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நனைந்த பக்கம் உப்ப முயல்கிறது, உலர்ந்த பக்கம் தடுக்கிறது, நனைந்த பக்கத்துக் குழல்கள் நசுங்குகின்றன. காய்ந்ததும் அந்தப் பக்கம் குறுகி, தட்டு கிண்ணம்போல் குழிகிறது. ஈரத் துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்தால் போதும்.

இரண்டாவது தட்டை அந்த வைகாசியிலேயே செய்தேன், ஜன்னல் கதவின் மற்றொரு பலகையை வைத்து. நான்கு சட்டங்களின் உள்பக்கமும் அடியிலிருந்து இரண்டு நூல் மேலே, மூன்று நூல் ஆழத்துக்குக் காடி. பலகையின் அகலத்தை, காடியின் அடி முதல் எதிர்க்காடியின் அடி வரை உள்ள தூரத்துக்கு ஒன்றேகால் நூல் குறைத்து அறுத்தேன். வறண்ட காலத்தில் செய்கிற வேலை என்பதால், பலகை இனிமேல்தான் உப்பப் போகிறது, அதற்கு இடம் வேண்டும். ஐப்பசியில் செய்தால் கணக்கு தலைகீழ். அப்போது பலகை உப்பிய நிலையில் இருக்கும், ஏறக்குறைய முழுமையாகவே காடியை நிரப்பி விடலாம். இரண்டு முனைகளிலும் நடுமையத்தில் மட்டும் ஒரு பொட்டுப் பசை வைத்தேன். நடு நகராது. அசைவு இருபுறமும் சமமாகப் பிரியும்.

ஒட்டுப்பலகை கிடைத்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை. அதில் மெல்லிய மரத்தகடுகள் நார் மாறிமாறிக் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டின் அகல அசைவையும் அடுத்த தகட்டின் நீளம் கட்டிவிடும். அதை நான்கு பக்கமும் ஒட்டலாம்.

சட்டத்தின் மூலைகளில்தான் வலிமை வேண்டும், ஏனென்றால் தட்டைத் தூக்கும்போது பாரம் அங்கே வருகிறது. படச்சட்டம்போல் 45 பாகை சரித்து அறுத்து ஒட்டுவது பார்க்க அழகு, ஆனால் அங்கே குழல்களின் வாய்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. குழலின் வாய் பசையை உறிஞ்சிவிடும், இடையில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல் முனைகளைப் பல்பல்லாக வெட்டிச் சேர்த்தால், ஒவ்வொரு பல்லின் பக்கமும் குழல்களின் உடம்பு. உடம்போடு உடம்பு ஒட்டிய இணைப்பு மரத்தைவிட உறுதியாக இருக்கும். உடைத்துப் பார்த்தால் பசைக்கோட்டை விட்டுவிட்டு மரமே கிழிவதைக் காணலாம்.

ஃபெவிகால் முதலிய வெள்ளைப் பசை வேலை செய்யும் விதம் அழகானது. பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல், அதில் ஒருவகைப் பிளாஸ்டிக்கின் நுண்துளிகள் நீரில் மிதக்கின்றன. பால் வெளுப்பாக இருப்பதற்கும் பசை வெளுப்பாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. துளிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. பசையிலுள்ள நீரை மரமும் காற்றும் குடிக்கக் குடிக்க, துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகின்றன. சிதறடிக்கத் துளி இல்லாததால் படலம் தெளிந்துவிடுகிறது. குடித்த நீரால் ஒட்டுக்கு இருபுறமும் மரம் சற்று உப்பியிருக்கும். மறுநாளே உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தினால் அந்த மேடும் தேய்ந்துபோகும், பிறகு நீர் வெளியேறியதும் அங்கே ஒரு பள்ளக்கோடு விழும். மூன்று நாலு நாள் பொறுத்துத் தேய்ப்பது நல்லது.

அடுத்தது மேல்பூச்சு. எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, வேகத்தை மட்டும் குறைக்கும். ஒருநாள் மழைக்கு மரம் பதறாமல் இருக்க அது உதவும், மூன்று மாதப் பருவத்தை அது நிறுத்தாது. மேலே மட்டும் பூசி அடியை விட்டுவிட்டால் அடி வேகமாக ஈரம் பிடித்துப் பலகை வளையும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே அளவு பூசவேண்டும், அதுவும் காடிக்குள் செருகும் முன்பே.

வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயைத் தடவினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தடவலாம், ஆனால் அது ஒருநாளும் காயாது. ஆளி விதை எண்ணெய் காயும். 'காய்தல்' என்ற சொல் இங்கே நம்மை ஏமாற்றுகிறது, ஏனென்றால் எதுவும் ஆவியாகிப் போவதால் அது இறுகுவதில்லை. கண்ணாடித் துண்டில் ஆளி எண்ணெயை மெல்லப் பூசி நல்ல தராசில் சில நாள் எடைபோட்டு வந்தால், எடை குறைவதற்குப் பதில் கூடும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. அப்படிக் கைகோக்க எண்ணெய் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு என்ற பிடிகள் வேண்டும். எத்தனை பிடிகள் என்று கண்டறிய, 1884இல் ஹூப்ல் என்ற ஆஸ்திரியர் ஒரு வழி வகுத்தார். பிடி உள்ள இடத்தில் அயோடின் ஏறி ஒட்டிக்கொள்ளும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை வாங்கிக்கொள்கிறது என்று அளந்தால் அதுவே அயோடின் எண். தேங்காய் எண்ணெய்க்கு அது 10க்கு அருகே, நல்லெண்ணெய்க்கு 100ஐ ஒட்டி, ஆளி எண்ணெய்க்கு 170க்கு மேல். அடுப்பு மேடைச் சுவரில் தெறித்த சமையல் எண்ணெய் நாளடைவில் துடைத்தாலும் போகாத பிசுக்காக மாறுவது, நடுத்தரமாகப் பிடிகள் உள்ள எண்ணெய்கள் பாதி தூரம் காய்ந்து நிற்பதன் விளைவே.

ஆளி எண்ணெய் வேலையில் உயிருக்கே ஆபத்தான ஒன்று இருக்கிறது. ஆக்சிஜனைப் பிடிக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. பலகை மேல் மெல்லிய படலமாக இருந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, துணி தானாகவே தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடி கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்தது இப்படி விட்டுப்போன ஆளி எண்ணெய்த் துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை ஒற்றை மடிப்பாக விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது.

அரக்குப் பாலிஷ் பூசலாமா? நம் நாட்டுப் பொருள், மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது, பளபளப்பில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் காபித் தட்டுக்கு ஆகாது. கொதிக்கக் கொதிக்க வைத்த டம்ளரின் சூட்டில் அரக்கு இளகுகிறது, அடியில் மாட்டிய ஈரம் படலத்துக்குள் புகுந்து நுண்ணிய குமிழிகளாகத் தங்கிவிடுகிறது. அங்கே ஒரு வெள்ளை வளையம் விழும். அந்த வெள்ளை எந்தக் கறையும் அல்ல. ஆற்றிய காபி பழுப்பு, அதன் மேல் நிற்கும் நுரை வெள்ளை. இரண்டும் ஒரே காபிதான், நுரையில் ஒளி சிதறுகிறது. பசைப் புட்டியில் பார்த்த அதே வெண்மை.

என் தட்டுக்கு ஆளி எண்ணெயே பூசினேன், வாரத்துக்கு ஒரு பூச்சாக மூன்று முறை. கடையில் விரைவாகக் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்து விற்கும் எண்ணெய் உணவுத் தட்டுக்கு வேண்டாம். பச்சை எண்ணெய் மெதுவாகக் காயும், காத்திருக்கலாம்.

தட்டு செய்து முடித்ததும் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். பலகை காடிக்குள் நுழையும் இடத்தில், நீள ஓரத்தையொட்டி, கூரிய பென்சிலால் பலகை மேல் ஒரு மெல்லிய கோடு கிழித்து, அருகே தேதியைக் குறித்து வையுங்கள். நான் வைகாசியில் கிழித்த கோடு ஆவணி வரை தெரிந்தது. கார்த்திகை தொடங்கியபோது இரண்டு ஓரங்களிலும் காடிக்குள் போய் மறைந்திருந்தது. மறு வைகாசியில் கோடு வெளியே வந்தது, பலகையில் விரிசல் இல்லை.